ஒரு மில்லிமீட்டர் பாதரசம்

தாது வருஷப் பஞ்சம் என்ற பெயரைப் பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். 1876இல் தொடங்கி 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் பம்பாய், ஐதராபாத் பகுதிகளிலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அத்தனை பேர் செத்ததற்கு, பஞ்ச காலத்திலும் தானியத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஆட்சிக்குப் பெரிய பொறுப்பு உண்டு. அந்தக் கணக்கைத் தனியே எழுத வேண்டும். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஆண்டுகளிலேயே ஒரு துப்பு கிடைத்திருந்தது. காற்றழுத்தமானியின் பாதரசக் குழாயில் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றது. அதன் பொருள் புரிய இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல்தான் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு பதவியேற்ற மறு ஆண்டே மழை தவறியது. அவர் இந்திய நிலையங்களின் அழுத்தக் கணக்கைப் பார்த்தார், வழக்கத்தைவிட ஏறியிருந்தது. மொரிஷியஸ், ஆஸ்திரேலியா, சைபீரியா என்று வெளியிலிருந்தும் கணக்குகளைத் திரட்டினார். அங்கெல்லாம்கூட ஏறியிருந்தது. 1877இல் ஆஸ்திரேலியாவிலும் வறட்சி. இந்தியாவில் பஞ்சம் வரும் ஆண்டுகளில் தங்கள் நாட்டிலும் மழை குறைகிறது என்பதை அடிலெய்டில் இருந்த சார்லஸ் டாட் 1888இல் எடுத்துச் சொன்னார். கடல் கடந்த இரு நாடுகளுக்கு ஒரே நேரத்தில் மழை தவறுவது தற்செயலாக இருக்க முடியாது என்ற எண்ணம் அப்போது விழுந்தது.

காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடை. கடல் மட்டத்தில் அதன் சராசரி 1013 ஹெக்டோபாஸ்கல். பழைய ஆட்கள் மில்லிபார் என்பார்கள், அளவு ஒன்றுதான். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் காற்று என்று கணக்கு. இதில் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது, அதாவது சதுர மீட்டருக்கு 10 கிலோ. அழுத்தமானியில் பாதரசம் முக்கால் மில்லிமீட்டர் ஏறும், அவ்வளவே. ஆனால் பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு அது 10,000 டன். பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் கடல்மேல் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறி ஒரு பருவம் முழுக்க நின்றால், ஆயிரம் கோடி டன் காற்று வேறு எங்கிருந்தோ வந்து அங்கே கூடியிருக்கிறது. அது விட்டுவந்த இடத்தில் அதே அளவு குறைந்திருக்கிறது.

இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் கண்டுபிடிப்பது எத்தனை கடினம் என்பதை நாமே பார்க்கலாம். அழுத்த உணரி உள்ள கைப்பேசி ஒன்றை வீட்டில் ஒரே இடத்தில் வைத்து, புயல் எதுவும் இல்லாத ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள். காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். மாலை 4 மணிக்கு இறங்கிவிடும். இரவு 10 மணிக்கு மறுபடி ஏறி, விடியுமுன் 4 மணிக்கு மறுபடி இறங்கும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த ஏற்ற இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். சூரிய வெப்பத்தை நீராவியும் மேலடுக்கின் ஓசோனும் உறிஞ்சுவதால் காற்று மண்டலம் முழுவதிலும் நாளுக்கு இரண்டு முறை எழும் அலை இது. வடக்கே ஐரோப்பாவில் அடுத்தடுத்து வரும் தாழ்வுகளின் பெரிய குதிப்பில் இது மறைந்துபோகும். நம் வெப்பமண்டலத்தில்தான் கடிகாரம் போலத் தெளிவாகத் தெரியும்.

ஒரு நாட்டின் பருவமழையைத் தள்ளிவிடும் அழுத்த மாற்றம் இந்த அன்றாட அலையைவிடப் பெரியதல்ல. பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே பரவும் எல் நினோ ஆண்டில் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் மாத சராசரி அழுத்தம் வழக்கத்தைவிட ஒன்று முதல் மூன்று ஹெக்டோபாஸ்கல் ஏறும். ஒரு நாள் குறிப்பை எடுத்துப் பார்ப்பவருக்கு அதில் ஒன்றுமே தெரியாது. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கில் எழுதி வைத்தவர்களால்தான் அது வெளிப்பட்டது. சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் அப்படி எழுதிவைத்தார்கள். வானிலை அறிவியலில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான்.

பிளான்ஃபோர்டுக்கு அடுத்து வந்த ஜான் எலியட் 1899இல் நல்ல மழை பெய்யும் என்று அறிவித்தார். மழை பெரிதும் பொய்த்து மீண்டும் கொடும் பஞ்சம் வந்தது. அவருக்குப் பின் 1904இல் அந்தப் பதவிக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கணித மாணவர், 1889ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றவர். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் ஏன் அப்படிப் பறக்கிறது என்று ஆராய்ந்தவர். வானிலையில் அவருக்குப் பயிற்சி இல்லை. கருத்துகளைக் கொண்டு மழையைக் கணிக்க முயன்றவர்கள் தோற்றதைப் பார்த்து, கணக்கு என்ன சொல்கிறதோ அதை மட்டும் கேட்பது என்று முடிவுசெய்தார்.

தமிழ் வாசகர்களுக்கு வாக்கர் வேறொரு வழியிலும் உறவு. 1913 பிப்ரவரியில் அவர் சென்னை வந்தபோது, துறைமுகக் கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தம் அலுவலகத்து எழுத்தர் ஒருவரின் கணக்கு நோட்டுகளைக் காட்டினார். கேம்பிரிட்ஜ் கல்லூரியின் கணித ஆய்வாளர் ஒருவருடையதற்கு ஒப்பான புதுமை இதில் இருக்கிறது என்று வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து, அந்த எழுத்தர் வேலையை விட்டுக் கணிதத்தை மட்டும் பார்க்க முடிந்தது. அவர் சீனிவாச ராமானுஜன்.

சிம்லாவிலிருந்த அலுவலகத்தில் வாக்கர் நடத்திய வேலை இது: உலகின் பல இடங்களின் அழுத்தம், மழை, வெப்பம், ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் நீண்டகாலக் கணக்குகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, ஒன்று ஏறும்போது மற்றது எத்தனை தடவை ஏறுகிறது, எத்தனை தடவை இறங்குகிறது என்று பார்ப்பது. நைல் நதியின் வெள்ளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. கணிப்பொறி இல்லாத காலம். துறையின் இந்திய எழுத்தர்கள் கையாலேயே கூட்டிப் பெருக்கி ஆயிரக்கணக்கான எண்களை முடித்தார்கள். அவர்கள் பெயர்கள் எந்த அலைவுக்கும் சூட்டப்படவில்லை.

அந்தக் குவியலிலிருந்து மூன்று பெரிய ஒழுங்குகள் எழுந்தன. ஐஸ்லாந்து அருகே அழுத்தம் குறையும்போது அசோர்ஸ் தீவுகளருகே கூடுகிறது; இந்த வட அட்லாண்டிக் அலைவின் நிலையைப் பொறுத்து வட ஐரோப்பாவின் குளிர்காலம் ஈரமும் மிதவெப்பமுமாகவோ வறண்டு உறைந்தோ அமைகிறது. வட பசிபிக்கில் இன்னொரு அலைவு. மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. பசிபிக்கின் கிழக்குப் பாதியில் அழுத்தம் ஏறினால் இந்தோனேசியா, வட ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் பகுதிகளில் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. பூமியின் பாதிச் சுற்றளவை அடைத்துக்கொண்டு ஒரு தராசு ஏறி இறங்குகிறது. இதற்குத் தெற்கு அலைவு என்று வாக்கர் 1920களில் பெயரிட்டார். டார்வினும் பசிபிக் நடுவிலுள்ள டாஹிட்டி தீவும் அதன் இரு தட்டுகளில் நிற்கின்றன. இரண்டின் அழுத்த வேறுபாட்டைக் கொண்டு இன்றும் அதன் குறியீடு கணக்கிடப்படுகிறது.

ஆனால் ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத தொடர்பை நம்பலாமா என்று பலர் கேட்டார்கள். அவர் உருவாக்கிய சில முன்கணிப்புச் சமன்பாடுகள் பின்னாளில் வலுவிழக்கவும் செய்தன. 1924இல் ஓய்வுபெற்று லண்டன் திரும்பி, 1958இல் காலமானார். விடை கடலுக்குள் இருந்தது, அவர் கையில் கடலின் கணக்கு போதிய அளவில் இல்லை.

1957-58இல் உலக நாடுகள் சேர்ந்து பூமியை அளந்த சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு வந்தது. அதே நேரத்தில் பசிபிக்கில் ஒரு எல் நினோவும் வந்தது. பெரு நாட்டு மீனவர்கள் தங்கள் கரையோரத் தொல்லையாக அறிந்திருந்த வெந்நீர், கரையில் நிற்காமல் பெருங்கடலின் நடுவரை நீண்டிருந்ததை அளவீடுகள் காட்டின. நார்வேயில் வளர்ந்த ஜேக்கப் பியர்க்னஸ் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு இவற்றைச் சேர்த்துப் பார்த்து, 1969இல் காற்றையும் கடலையும் ஒரே கதையாக எழுதினார்.

அவர் சொன்னது இது. பசிபிக்கின் மேற்கு ஓரத்தில், இந்தோனேசியாவைச் சுற்றி, கடல் மேற்பரப்பு 28 பாகைக்கு மேல் சூடாக இருக்கிறது. அங்கே காற்று சூடேறி, ஈரமாகி, மேலே எழுகிறது. அழுத்தம் குறைகிறது, மழை கொட்டுகிறது. எழுந்த காற்று மேலடுக்கில் கிழக்கே போய், பெருவுக்கு அருகே குளிர்ந்த கடல்மேல் இறங்குகிறது. அங்கே அழுத்தம் கூடுதல், வானம் வறண்டது. கூடுதலிலிருந்து குறைவை நோக்கிக் கடல் மட்டத்தில் காற்று மேற்கே திரும்பி வீசுகிறது. அந்தக் காற்றே வெந்நீரை மேற்கே தள்ளிக் குவிக்கிறது. இந்தோனேசியப் பக்கம் கடல் மட்டம் பெருப் பக்கத்தைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். கிழக்கே வெந்நீர் விலகிய இடத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அழுத்த வேறுபாடு காற்றை உண்டாக்குகிறது. காற்று கடலின் வெப்ப வேறுபாட்டை உண்டாக்குகிறது. அந்த வெப்ப வேறுபாடு அழுத்த வேறுபாட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே திரும்பிப் பரவும், மழையும் அதோடு நடுப் பசிபிக்குக்கு நகரும், டார்வினில் அழுத்தம் ஏறும், காற்று மேலும் தளரும். இதுதான் எல் நினோ. எதிர்த்திசையில் எல்லாம் மிகுந்தால் லா நினா. இந்தப் பெருஞ்சுழலுக்கு பியர்க்னஸ் வைத்த பெயர் வாக்கர் சுழற்சி.

இனி இந்தியாவுக்கு வருவோம். ஜூன் மாத அழுத்த வரைபடத்தில் இரண்டு இடங்கள் கண்ணில் படும். தெற்கு இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மஸ்கரீன் உயரழுத்தம்; 1020 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல். ராஜஸ்தான், பாகிஸ்தான் பாலைகள்மேல் கொதிக்கும் தாழ்வழுத்தம், 1000க்கும் கீழே. தெற்கேயிருந்து கிளம்பும் காற்று சோமாலியக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டி, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கேரளத்தில் மோதுகிறது. எல் நினோ ஆண்டில் வாக்கர் சுழற்சியின் எழும் பகுதி கிழக்கே நகர்ந்துவிடுவதால், இந்தோனேசியா முதல் இந்தியா வரை காற்று இறங்கும் போக்கு கூடுகிறது. இறங்கும் காற்றில் மேகம் வளராது. 2002இல் நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை 19 சதவீதம் குறைந்தது. 2009இல் 22 சதவீதம். 2015இல் 14 சதவீதம். மூன்றும் எல் நினோ ஆண்டுகள்.

ஆனால் 1997இல், நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று வந்தபோது, பருவமழை இயல்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே பெய்தது. நம் கடலிலேயே ஒரு சிறிய தராசு இருக்கிறது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்து விளங்கியது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி, ஆப்பிரிக்கப் பக்கம், சூடேறி, சுமத்ராப் பக்கம் குளிர்ந்தால் எல் நினோவின் கை ஓரளவு தடுக்கப்படுகிறது. இந்தியப் பெருங்கடல் இருமுனை என்ற இந்த அலைவை இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் விவரித்தார்கள். வானிலை ஆர்வலர்கள் பேச்சில் இது ஐ.ஓ.டி.

இவ்வளவையும் படித்துவிட்டு, எல் நினோ வந்தால் வறட்சி என்று தமிழ்ச் செய்திகள் ஒரே வரியில் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அது பாதி உண்மை. நம் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்தப் பருவத்தில் தராசு எதிர்ப்பக்கம், நமக்குச் சாதகமாகச் சாய்கிறது.

அக்டோபரில் அழுத்த வரைபடம் தலைகீழாகிறது. ஆசிய நிலம் குளிர, வடக்கே அழுத்தம் ஏறுகிறது. குளிர்காலத்தில் சைபீரியாவின்மேல் அது 1030ஐத் தாண்டும். சைபீரியக் காற்று நேராக நம் வாசலுக்கு வருவதாகச் சிலர் சொல்வதுண்டு. இமயம் அதைத் தடுத்துவிடும். நம்மை வந்தடைவது வங்கக் கடல்மேல் நகர்ந்து ஈரமேறிய காற்று. எல் நினோ இருந்தால் இந்தோனேசியா, மேற்குப் பசிபிக் பக்கம் அழுத்தம் வழக்கத்தைவிட ஏறி நிற்கும். அங்கிருந்து இந்தியப் பெருங்கடல் நெடுக மேற்கு நோக்கிய ஓட்டம் வலுக்கும். கீழைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைத் தமிழ்நாட்டின் கரைக்கும் இலங்கைக்கும் தள்ளும். ஐ.ஓ.டி.யும் சேர்ந்துகொண்டால் இன்னும் வலுக்கும். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் மேகத்தைக் கலைத்த அதே அழுத்தம் நவம்பரில் நாகப்பட்டினத்துக்கு மழை அனுப்புகிறது.

வலுவான எல் நினோ நிலவிய 2015இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். சென்னை நுங்கம்பாக்கத்தில் நவம்பர் ஒரே மாதத்தில் 1,049 மில்லிமீட்டர். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மறு ஆண்டு பசிபிக் திரும்பியது. மெல்லிய லா நினா, இந்தியப் பெருங்கடல் இருமுனையும் எதிர்நிலை. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. காவிரியிலும் தண்ணீர் இல்லை. டெல்டாவில் சம்பா நெல் கருகியது, விவசாயிகள் உயிரிழந்தார்கள், 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

மழை பொய்த்த அந்தப் பருவத்தில்தான், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையைத் தாக்கி மரங்களை வேரோடு சாய்த்தது. பெரிய தராசு ஒரு பருவத்தின் சாய்வைச் சொல்லும். எந்த நாள் எந்தத் தெருவில் என்பதைச் சொல்லாது. அதை முடிவுசெய்வது அந்தந்த வாரத்துக் கதை: வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, மேலடுக்குச் சுழற்சி, நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாளில் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றும் மேடன்-ஜூலியன் அலைவு. எம்.ஜே.ஓ. நம் கடலுக்கு வந்துவிட்டது என்று மழை ஆர்வலர்கள் சொல்வது அதைத்தான். சாய்வையும் மீறி நடப்பதுண்டு. 2010இலும் 2021இலும் லா நினா நிலவியும் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைத் தாண்டியது. பத்து ஆண்டில் ஏழு ஆண்டு சரியாக வரும் குறிப்பை, மீதி மூன்று ஆண்டுகளைக் காட்டித் தூக்கியெறியவும் கூடாது, அந்த மூன்றை மறைத்து வாக்குறுதியாக்கவும் கூடாது.

இந்த இரட்டைத்தன்மை வேறெந்த இடத்தையும்விடக் காவிரி டெல்டாவில் வாழ்க்கைப் பிரச்சினை. குறுவை நெல்லுக்கு மேட்டூர் அணைத் தண்ணீர் வேண்டும்; மேட்டூர் நிரம்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். சம்பாவின் பின்பாதிக்கும் தாளடிக்கும் வடகிழக்கு மழை வேண்டும். எல் நினோ முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கொடுக்கப் பார்க்கும். 2023இல் அப்படித்தான் நடந்தது. 1901க்குப் பிறகு நாட்டில் மிகக் குறைந்த ஆகஸ்ட் மழை அந்த ஆண்டில். ஜூன் 12இல் திறந்த மேட்டூர் வற்றி, அக்டோபரில் பாசனத்துக்குத் தண்ணீர் நின்றது. டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் தாமிரபரணிக் கரையும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல். பருவம் முழுவதையும் கூட்டினால் மாநிலத்தின் மழை இயல்பை ஒட்டியே முடிந்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெற்கு அலைவுக் குறியீட்டைத் தமிழ்நாட்டு வயலுக்குக் கொண்டுவரும் வேலை நடக்காமல் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் டார்வின், டாஹிட்டி கணக்கிலிருந்து பெறும் அந்த எண்ணையும் பசிபிக்கின் வெப்பநிலையையும் வைத்து மாவட்டவாரியாகப் பருவமழை முன்கணிப்பு வெளியிடுகிறது. பசிபிக்கின் நிலை மார்ச் முதல் மே வரை எளிதில் தடம் மாறும். அதனால் கோடையில் சொல்லும் கணிப்புக்கு உறுதி குறைவு. ஆகஸ்டுக்குள் நிலை பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆண்டு முடியும்வரை பெரிதாக மாறாது. டெல்டாவின் கடைமடையில் ஆகஸ்டு என்பது விதை நெல் முடிவாகும் மாதம். 150 நாளுக்கு மேல் ஓடும் சி.ஆர். 1009 விதைப்பதா, மழை முந்தி நின்றாலும் தப்பிக்கும்படி குறுகிய வயது ரகத்துக்குக் காத்திருப்பதா, நேரடி விதைப்பா, நாற்றங்காலா என்பதெல்லாம் அப்போது தீர்மானமாகிறது. வடகிழக்குப் பருவத்துக்கான தேசிய முன்கணிப்பு செப்டம்பர் கடைசியில் வருகிறது. விதை மண்ணுக்குள் போனபிறகு வரும் கணிப்பால் விதைத்தவருக்கு அதிகப் பயனில்லை. ஆகஸ்டு முதல் வாரத்திலேயே, இந்த ஆண்டு சாய்வு எந்தப் பக்கம், பத்தில் எத்தனை பங்கு நம்பலாம் என்று, ஒவ்வொரு வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையத்திலும் தமிழில் எழுதி ஒட்டிவிட முடியும். அதற்குத் தேவையான அளவீடு ஏற்கெனவே தினமும் எடுக்கப்படுகிறது.